கருங்கல் சுங்கானும் மூன்றாவது கோடும்

அணைந்து நெடுநாளான புகையிலைக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் வெல்லப்பாகு, கொஞ்சம் நனைந்த சாம்பல், நடுவில் எங்கேயோ ஒரு மனிதனின் வாய். சென்ற மாதம் ஒரு கையெழுத்துக்காக நம் காட்சிச்சாலைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நால்வரும் பின்னறையில் புகைபிடிக்கும் சுங்கான்கள் வைத்த இழுப்பறையை வெளியே இழுத்தீர்கள். அந்த வாசனை வாசல்வரை வந்து என் சட்டையைப் பிடித்தது. உங்களில் ஒருவர் கறுப்புச் சுங்கான் ஒன்றைக் கையில் எடுத்து, “எல்லாத்துக்கும் அட்டை இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் சார் இல்லை?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை இப்போது எழுதித் தீர்க்கிறேன். ஐம்பது வயதாகும் முன்பே வேலையை விட்டவன் சொல்வதை எவ்வளவு தூரம் கேட்பது என்பது உங்கள் பாடு. எழுதுமுன் அவிநாசிக்குப் போய், அந்தச் சுங்கானைச் செய்த சிற்பியின் மகளிடம் கேட்டேன். தைத்த பனியன்களை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “எழுதிக்கங்க. அப்பன் பேரு வேண்டாமுங்க, கோயில் பேரும் வேண்டாமுங்க. மத்ததெல்லாம் நடந்ததுதானே.” ஆகவே அவை இரண்டும் இதில் இல்லை. தேடவும் வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. இந்த வட்டாரத்தில் புகையிலை அடைத்துப் பிடிக்கும் சுங்கானை எதெதில் செய்தார்கள், எது முந்தி எது பிந்தி என்று திரிந்து எழுத வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சிரிக்காதீர்கள். கப்பலேறி வந்த ஓர் இலைக்கு இந்த மண் எத்தனை வாய் செய்து கொடுத்தது என்று பார்ப்பது சின்ன வேலை இல்லை. குயவர் களிமண்ணில் பிடித்துச் சுட்டார். மாடு மேய்ப்பவர் மூங்கில் கணுவைக் குடைந்தார். கல்சட்டி கடைகிறவர் மிச்சம் விழுந்த மாக்கல்லில் கடைந்தார். அனுப்பர்பாளையத்தில் பித்தளையில் வார்த்தார்கள். அங்கே பட்டறைக்காரர் ஒருவர் தன் பித்தளைச் சுங்கானை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பாக்க மினுமினுன்னு இருக்குமுங்க. நாலு இழுப்பு இழுத்தா உதடு வெந்துரும். மாமனார் ஊட்டுச் சீரு மாதிரி, வெச்சுக்கவும் முடியாது, வேண்டாங்கவும் முடியாது.”

திருப்பூர் டவுனுக்குள் அப்போதே எல்லோரும் பீடிக்கு வந்துவிட்டார்கள். சுங்கானை அடைத்து முடிப்பதற்குள் ஆலைச் சங்கு ஊதிவிடும் என்றார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. நான் எழுதினேன். நடந்து நடந்து, எழுதி எழுதி, ஒரு இடத்தில் கால் நிற்காத வயது அது.

எங்கள் காப்பாட்சியர் ஒரு அம்மா. பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை, அட்டையில் மூன்று கோடு என்பது அவர் வைத்த ஒழுங்கு. முதல் கோட்டில் பொருள், அதாவது எதனால் செய்தது. இரண்டாவதில் இடம். மூன்றாவதில் கை, அதாவது செய்தவர் பேர்.

சேர்ந்த புதிதில் குன்னத்தூரில் ஒரு விவசாயி கொடுத்த மண் சுங்கானை, உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். “மண் இருக்கு. பிடிச்ச ஆளைக் கழுவி ஊத்திட்டே” என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல் எனக்கு ஒரு வாரம் உறைத்தது. அதற்குப் பிறகு எதையும் கழுவியதில்லை. ஆனால் கழுவுவதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது, எல்லாவற்றையும் அப்படியே ஒட்டவைத்துக் காட்டிவிடும் பிழை. அதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இழுப்பறையில் இருந்த பழைய அட்டைகளில் பாதிக்குமேல் மூன்றாவது கோடு காலியாக இருந்தது. அம்மாவுக்கு வெயிலில் அலைய அலுப்பு, அதனால் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நான் வந்திருக்கிறேன், இனி ஒரு கோடும் காலியாக இருக்காது என்று மனதுக்குள் ஒரு முறுக்கு.

சிற்பியை முதலில் பார்த்தது திருமுருகன்பூண்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருவத்தில் கல்தூள். வாயில் அந்தக் கறுப்புச் சுங்கான். மாக்கல் என்றால் விரல் நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். கேட்டு வாங்கி அடியில் நகத்தால் கீறினேன். கோடு விழவில்லை. சாவியால் கீறினேன். சாவிதான் தேய்ந்தது.

“கருங்கல்லுங்க,” என்றார் அவர். “சாவியைக் கெடுத்துக்காதீங்க தம்பி, அப்பறம் ஊட்டுக்குள்ள எப்புடிப் போவீங்க?”

சிலை வடிக்கிற கருங்கல்லில் சுங்கான் யாரும் செய்வதில்லை. அதைக் குடைவதற்குள் ஆயுள் போய்விடும். இதன் சுவரோ முட்டையோட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. என் வரிசையில் மண், மூங்கில், மாக்கல், பித்தளை எல்லாம் இருந்தன. இது எதிலும் அடங்காமல் வெளியே நின்றது. அன்றிலிருந்து அவர் பட்டறைக்கு நடையாய் நடந்தேன். எதற்காகச் செய்தார், ஏன் இந்தக் கல் என்று கேட்டால், “பொழுது போவாமச் செஞ்சதுங்க” என்று சிரித்து உளியை எடுத்துக்கொள்வார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் அவருக்கு முதன்முதலாக மூலவர் சிலை ஒன்று வந்திருந்தது. திருப்பூரில் நெசவுக் குடும்பங்கள் சேர்ந்து எழுப்பிய முருகன் கோயிலுக்கு. அதுவரை ஆட்டுக்கல், தூண், யாராவது பெரிய சிற்பி வடிக்கும் சிலைக்குக் கை கால் என்று இருந்தவர். சிலை முழுவதும் முடிந்த பிறகு, கடைசியில் பொன் ஊசியால் கண்ணைத் திறப்பார்கள். அதற்குமுன் அது கல், அதற்குப்பின் சாமி. மற்ற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கண் திறக்கும் கை மட்டும் வடித்தவர் கையாக இருக்கும். முப்பது வருடம் உளி பிடித்தும் அவர் ஒரு கண்கூடத் திறந்ததில்லை. “ஒருக்கா தொறந்துட்டா போதுமுங்க,” என்பார். “அப்பறம் காலம் முழுக்க ஆட்டுக்கல்லே கொத்தச் சொன்னாலும் கொத்துவேன்.”

மூலவருக்குக் கல் பூசை போட்ட மறுநாள் போனேன். அவர் சுங்கானைக் கழுவாமல் ஒரு துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

“விரதமுங்க. கண்ணு தொறக்கற வரைக்கும் இதைத் தொடக் கூடாது. ஊட்டுல இருந்தா கை தானாப் போயிரும். நீங்களே வெச்சிருங்க.”

“எங்க கண்காட்சியில காட்டலாமுங்களா?”

“கல்லுத்தானே, காட்டுங்க.”

நான் நோட்டை எடுத்தேன். “கதையைச் சொல்லிடுங்க அண்ணா. அட்டை எழுதணும்.”

அவர் நோட்டைப் பார்த்தார். “நோட்டை மூடுங்க, சொல்றேன்” என்றார்.

மூடினேன். பென்சிலைப் பையில் போட்டேன். அவர் சொன்னார்.

பல வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் கூலிக்கு இருந்தபோது, ஒரு முருகன் சிலைக்கு முகம் வடிக்கும் வேலை இவருக்கு வந்தது. பாதி முகம் வந்தபின் உளிச்சத்தம் மாறியது. வெண்கலம் போல ஒலித்த கல், ஓரிடத்தில் பொத்தென்று ஒலித்தது. உள்ளே தேரை. குறை உள்ள கல். அப்படிப்பட்ட கல்லைக் கும்பிடக் கூடாது, நீரில் விட்டுவிட வேண்டும். பட்டறைக்காரர் கிணற்றில் இறக்கச் சொன்னார். இறக்குவதற்குமுன், கன்னத்தை ஒட்டி உடைந்து விழுந்த ஒரு துண்டை இவர் வேட்டியில் முடிந்துகொண்டார்.

“என்ற கையில வந்த மொதல் மொகமுங்க. கெணத்துல போட மனசு வரலை. ஊட்டுலயும் சும்மா வெக்க முடியாது. பாத்தா ஆராச்சும் பூவு வெச்சுப் போடுவாங்க, குறைக்கல்லைக் கும்புட்ட பாவம் அவிகளுக்கு வந்துரும். யாரும் கும்புடவே முடியாததா ஒண்ணு பண்ணோணும்னு ரோசனை பண்ணுனேன். சுங்கானை எவனுங்க கும்புடுவான்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று வரை நான் கேட்டதிலேயே மரியாதையான காரணம் அதுதான்.

திருப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பூண்டியைத் தாண்டும் முன்பே நோட்டை விரித்துவிட்டேன். மறந்துவிடுமே என்ற பயம். பயம் என்று இப்போது சொல்கிறேன். அது பசி. முழுதாகவே எழுதினேன், காரணம் உட்பட. அட்டை எழுதும்போது மூன்று கோடுதான் இருந்தது. பொருள்: விக்கிரகத்துக்கு எடுத்த கருங்கல். இடம்: திருமுருகன்பூண்டி. கை: அவர் பெயர், முழுப் பெயர். ஏன் என்பதற்கு அட்டையில் இடமில்லை. முத்து முத்தாக என் கையெழுத்து. எவ்வளவு அழகாக எழுதியிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் விரல் கூசுகிறது.

சில மாதம் கழித்துத் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல், கோவையில் தங்கிவிட்டார். நான்தான் பொறுப்பு. தலையில் பஞ்சுத் துகளோடு பனியன் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், மண் சுங்கானைப் பார்த்து, “எங்க அம்மாவப் பெத்த அப்புச்சி இதுலதான் ஊதி ஊதி ஊரைக் கெடுத்தாரு” என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் மாலை பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பனியன் கம்பெனி முதலாளி, அந்த முருகன் கோயில் கமிட்டித் தலைவர். அவர் இன்னார் என்று எனக்குத் தெரியும். பெருமையாகக் கருங்கல் சுங்கானிடம் அழைத்துப் போனேன்.

“கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். என்ன எழுதீருக்குதுன்னு படிங்க தம்பி.”

படித்தேன். மூன்று கோட்டையும் நிறுத்தி, உரக்க, பெயரை இன்னும் கொஞ்சம் உரக்க.

அவர் சுங்கானை ஒருமுறை பார்த்தார். “செரீங்க. நல்லா இருக்குதுங்க” என்று கும்பிட்டார். பாதி மண்டபம் பார்க்காமலே குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனார். கொங்கு நாட்டு மரியாதையில் கதவு சாத்தும் ஓசை கேட்காது. எனக்கு அன்று அது தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அவர் பின்னல் மிஷின்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அத்தனை மிஷினும் ஒரே சமயம் ஓடும் இடம், காதுக்குள் ஆயிரம் வண்டு. அவர் என் காதருகே குனிந்து கத்திக் கேட்டார்.

“அந்த அட்டையில இருக்கறது அவரு வாயால சொன்னதுங்களா? இல்ல, நீங்களா அனுமானத்துல எழுதுனதுங்களா?”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். நானாக எழுதியது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் கண்ணில் அந்தச் சொல்லுக்கான இடம் இருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் கேட்டார். தானே அட்டையைக் கிழித்துப்போட ஒரு காரணம் கிடைக்காதா என்று கேட்டார். அது பொய், சரி. பொய் வேண்டாம் என்றால் முழுக்கதையையும் சொல்லியிருக்கலாம். கும்பிட முடியாததாகச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தார் என்று. ஆனால் அது தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டிய விஷயம். அந்த இரைச்சலில் கத்தக்கூடியதாக இருந்தது வெறும் தகவல் மட்டும்தான். வெளியே வாங்க, நின்று பேசலாம் என்று கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது வேறு. என் ஆராய்ச்சியை அனுமானம் என்று சொல்லிவிட்டாரே என்ற ரோசம்.

“அவரே சொன்னதுதானுங்க” என்று கத்தினேன்.

அவர் தலையாட்டினார். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. சிலை பழுதில்லை, கல்லும் கோயில் வாங்கிய கல், வடித்த வரைக்கும் ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் சாமிக் கல்லில் சுங்கான் குடைந்த கை கண்ணைத் திறக்கக் கூடாது, அதை மட்டும் வேறு ஊர்ச் சிற்பி வந்து திறக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. பதறி ஓடினேன். முதலாளியை வீட்டில் பிடித்து, அமைதியான முற்றத்தில், விட்ட கதையை முழுதும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே,” என்றார். “வேற ஆளுக்கு வெத்தலை பாக்கு குடுத்தாச்சுங்க. சாமி காரியத்துல குடுத்த வெத்தலையத் திருப்பி வாங்க முடியுமுங்களா?”

முடியாது. இங்கே யாருக்கும் அது தெரியும்.

கோவைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்துப் போட்டார். மூன்றாவது கோடு காலியாக இருந்தவை.

“பேர் தெரியாம விட்டேன்னு நினைச்சியா? இதுல ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும். அவங்க ஊரோட அவங்க வாழணும், அதான் எழுதலை.”

“என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லலை,” என்றார். அட்டைகளைத் திரும்ப அடுக்கினார். “அது என் தப்பு. அந்த அட்டையைக் கிழிச்சுப் போடு. வேற எழுதாதே.”

அதனால்தான் அதற்கு அட்டை இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இங்கே முடிந்துவிட்டது. நான் முடியவில்லை.

கும்பாபிஷேகத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தேன். பத்து நாள் கழித்து, அம்மாவிடம் சொல்லி, சுங்கானைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பூண்டிக்குப் போனேன். சிற்பி ஓர் ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. டீ சொல்லட்டுங்களா?”

அடித்திருந்தால் தேவலை. மன்னிச்சுருங்க அண்ணா என்றேன். அவர் உளியை மடியில் துடைத்தார்.

“நோட்டு மூடித்தானுங்க இருந்துச்சு,” என்றார். “நானும் பாத்தேன்.”

அவர் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு முறைதான். டீ வந்தது, குடித்தோம். மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினார். கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிற்கும் புளியமரம் வரை கூட வந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கும்பாபிசேகத்துக்குப் போனீங்களா?”

“போனேனுங்க.”

“நான் போவுல. கண்ணு எப்புடி வந்திருக்குது?”

பொய் சொல்ல எனக்கு இரண்டாவது தருணம் கிடைத்தது. அப்போதும் வரவில்லை.

“நேராப் பாக்குதுங்க அண்ணா.”

அவர் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கழுத்தை ஒரு நூலு குனிச்சு வெச்சிருந்தேன். சின்னக் கொழந்தைக வந்து நின்னா அதுக மொகத்தைப் பாக்கறாப்புல. கண்ணும் கீழ எறங்கியிருந்தாத்தான் அது சேரும்.” பிறகு, “கண்ணு தொறந்தவரு மேலயும் தப்பில்லீங்க, அவருக்கு ஆரு சொன்னா” என்றார்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து நீட்டினேன். அவர் பிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். என் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“கண்ணு தொறக்கற வரைக்கும் வெச்சிருங்கன்னு சொல்லித்தானுங்களே குடுத்தேன்,” என்றார். “நான் இன்னும் தொறக்கலீங்களே. உங்ககிட்டயே இருக்கட்டும். ஏறுங்க, பஸ்ஸு வந்துருச்சு.”